படத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டு

ஜனவரி 9

வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆகிறது. அலுவலகச் சுவரில் இடுப்புயரத்துக்கு அந்த ஈரக் கோடு இன்னும் காயவில்லை. நனைந்த கோப்புகளை மொட்டை மாடியில் பரப்பி, பறக்காமல் கல் வைத்துவிட்டுக் கீழே வந்தால் செயலாளர் தேவநேசன் சார் கூப்பிட்டார். நிவாரணத்துக்கு உதவுகிற சென்னை நிறுவனம் ஒன்று நம் 'கைத்துணை' அறக்கட்டளையிடம் சமூக ஊடக விதிமுறைகள் கேட்கிறதாம். ஊழியர்களும் தன்னார்வலர்களும் ஃபேஸ்புக்கில், இன்ஸ்டாகிராமில், வலைப்பூவில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று எழுத்தில் வேண்டுமாம்.

"ஒரு பக்கம் போதும்மா. நெட்ல எடுத்து நம்ம பேர மாத்திப் போட்டுரு. தன்னார்வலர்களப் பாத்துக்கிடுதது நீதான, நீயே எழுதிரு இசக்கி."

ஜோவின் எடுத்த படத்தைப் பற்றித்தான் இன்றும் பேச்சு. அவன் துறைமுகத்தில் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறான். விடுமுறை நாளில் எங்களிடம் தன்னார்வலன். வெள்ளத்தின்போது மீட்புப் படகில் போனான். நெஞ்சளவு தண்ணீரில் ஒரு பெண், நனைந்த நைட்டி, அவிழ்ந்த கூந்தல், படகை நோக்கி நீட்டிய கை. கீழே, 'பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்காகக் கையேந்தும் தாய்' என்று எழுதியிருந்தான். அறக்கட்டளைப் பக்கத்திலும் அதைப் பகிர்ந்தார்கள். அங்கிருந்து ஊர் உலகமெல்லாம் போய்விட்டது. லாரி லாரியாக அரிசியும் போர்வையும் வந்தது அதன்பிறகுதான்.

மாலையில் ஜோவின் பப்ஸ் வாங்கி வந்தான். எல்லாருக்கும்தான்.

ஜனவரி 10

விதிமுறைகளை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது, அரசியல் பேசக் கூடாது, சொந்தக் கருத்தை நிறுவனத்தின் கருத்தாகச் சொல்லக் கூடாது. நல்ல தமிழாகத்தான் இருக்கிறது. யாரும் படிக்கப் போவதில்லை.

ஜனவரி 12

பதினோரு மணி இருக்கும். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அக்கா வந்தார். நல்ல உயரம். கழுத்தில் அளவெடுக்கும் டேப். கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செல்போனை என் முன்னால் நீட்டினார்.

"இதுல இருக்கது நான்தான்."

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. "நல்லா இருக்கியளா அக்கா? பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்குக் கல்யாணமே ஆகல."

நான் எழுந்து நின்றேன்.

அவர் பெயர் சந்திரகனி. மணிமுத்து நகரில் தையல் கடை வைத்திருக்கிறார். தனியாக இருக்கிறார். அந்தப் படம் வந்த பிறகு கடைக்கு ஒரு அம்மா பழைய சேலை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், "பிள்ளைகளுக்குப் பாவாடை தச்சுப் போடு" என்று. பழக்கமே இல்லாத ஆட்கள் நம்பரைக் கண்டுபிடித்து, நைட்டியைப் பற்றி என்னென்னவோ அனுப்புகிறார்கள். திருப்பூரில் இருக்கும் தம்பி போனில் கத்தினானாம்.

"யாரு பிள்ளைங்கன்னு கேக்கான். எங்கூடப் பொறந்தவன் கேக்கான். நான் என்னத்தச் சொல்ல? எல்லாரும் படத்தத்தான் நம்புதாவ."

"மன்னிச்சுக்கோங்க அக்கா. சாப்பாடு கேட்டு நின்னவங்கன்னு நினைச்சுத்தான்..."

"நான் சாப்பாடு கேக்கல."

"பிறகு எதுக்குக் கைய நீட்டுனிய?"

"அத எடுத்தவரு வரட்டும். அவருட்டச் சொல்லுதேன். உங்கள்ட்ட எனக்கு ஒண்ணுதான் வேணும். அத எடுத்துருங்க. அம்புட்டுத்தான்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நேற்று முன்தினம் எழுதிய விதிமுறைகளை எடுத்துப் பார்த்தேன். சின்னம் இருந்தது, அரசியல் இருந்தது, நிறுவனத்தின் நற்பெயர் இருந்தது. படத்தில் இருப்பவர் எங்கேயும் இல்லை.

ஜனவரி 13

ஜோவினிடம் சொன்னேன். முதலில் சிரித்தான், பிறகு முகம் மாறியது.

"அந்தப் படம் இல்லன்னா லாரி வந்திருக்குமா இசக்கி? எத்தனை குடும்பம் சாப்பிட்டுச்சு, யோசிச்சுப் பாரு."

அது பொய் இல்லை. நானும்தான் அந்த அரிசியை மூட்டை மூட்டையாக இறக்கினேன்.

"அவங்க தாய்னு யாரு சொன்னா உன்கிட்ட?"

"யாரும் சொல்லல. பாத்தா அப்படித் தோணுச்சு."

"பேரு கேட்டியா?"

"வெள்ளத்துல நின்னு பேரு கேட்டுட்டு இருக்க முடியுமா? முகம் பாதிதான் தெரியுது. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவங்க தெருவுக்குத் தெரியுது. அவங்க தம்பிக்குத் தெரியுது."

படத்தைச் சென்னையில் ஒரு போட்டிக்கு அனுப்பியிருக்கிறானாம். முதல் சுற்றைத் தாண்டிவிட்டதாம். அதை எனக்குச் சொல்லத்தான் இன்றைக்குச் சீக்கிரமே வந்தானாம். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மேசையைத் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 15

பொங்கல். ஜோவின் வாழ்த்து அனுப்பியிருந்தான். கரும்பு வெட்டுகிற வேலை இருந்ததால் பதில் போடவில்லை. அம்மா எனக்குப் பார்த்திருக்கிற கோவில்பட்டி மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினாள். வெளிச்சம் சரியில்லை. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டு எடுத்திருக்கிறார்கள். வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

ஜனவரி 18

தேவநேசன் சார் கெட்டவர் இல்லை. வெள்ளத்தில் சொந்த வீடு மூழ்கிக் கிடக்கும்போது, சமையல் கூடத்திலேயே தங்கி ஊருக்குச் சோறு போட்டவர். அதனால்தான் அவரிடம் பேசுவது கஷ்டமாக இருக்கிறது.

"நம்ம ஃபேஸ்புக் பக்கத்துல இருந்து அந்தப் படத்த எடுக்கதுன்னா எப்படிம்மா? ஆண்டறிக்கை அட்டையிலயே அதுதான். அச்சாயிட்டு வந்துட்டு இருக்கு. வேணும்னா ஒண்ணு செய்வோம். அந்த அம்மாவ இங்க வரச்சொல்லி, ஒரு சால்வை போட்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டுருவோம். அவங்களுக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை."

எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மாலையில் மணிமுத்து நகர் போய்ச் சந்திரகனி அக்காவிடம் சொன்னேன். மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டார்.

"மன்னிப்பு வீடியோவுல என்ன காட்டுவிய?"

"உங்களத்தான் அக்கா."

"எதுக்கு மன்னிப்புன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அதுக்கும் அந்தப் படத்தத்தான போடுவிய?"

அவர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜனவரி 19

அறக்கட்டளைப் பக்கத்தின் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. காலையில் போனதும் படத்தை நீக்கினேன்.

"யாரக் கேட்டு எடுத்த?" என்றார் சார்.

"அதுல இருக்கவங்களக் கேட்டுத்தான் சார்."

மதியம் எங்களோடு உட்காராமல் சாப்பாட்டு டப்பாவைத் தன் அறைக்கே கொண்டுபோய்விட்டார்.

ஜனவரி 25

படம் ஆற்றில் விட்ட மண்ணெண்ணெய் மாதிரி பரவிக் கிடக்கிறது. உள்ளூர் கேபிள் சேனலுக்குப் போன் செய்தேன். அங்கே இருந்த பையன் உடனே எடுத்துவிட்டான், நல்லவன். பொன்மொழிப் பக்கம் ஒன்றில் ரோஜாப்பூ எல்லாம் ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் எழுதியதைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமலே இருக்கிறார்கள். வணிகர் சங்கம் ஒன்று பிளக்ஸ் வைத்திருந்தது. நேரில் போனேன். தலைவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "உதவி செஞ்சவங்களப் பாராட்டித்தானம்மா வச்சிருக்கோம்" என்றார்.

"உங்க வீட்டுப் பொம்பளை நைட்டியோட நனஞ்சு நின்ன படம்னா வைப்பியளா அண்ணாச்சி?"

அவர் டீயைப் பாதியில் வைத்தார். நான் தெருமுனை திரும்புவதற்குள் பிளக்ஸ் இறங்கிவிட்டது.

பிப்ரவரி 3

ஜோவின் தானாகவே வந்து நின்றான். "அந்தக் கடை எங்க இருக்கு?" என்றான். வண்டியில் போனோம். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

சந்திரகனி அக்கா அவனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதான படகு முனையில நின்னது?"

"ஆமா அக்கா. தப்பா எழுதிட்டேன். சாப்பாடுதான் கேக்கியன்னு நினைச்சேன்."

"நான் கயிறு கேட்டேன் தம்பி."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எங்களை வெளியே கூட்டிப்போனார். கடைக்குப் பக்கத்தில் ஒரு முடுக்கு. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. உள்ளே கடைசி வீட்டில் பரமசிவம் என்ற பெரியவர், பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தண்ணீர் கட்டிலுக்கு ஏறிவிட்டது. படகு முடுக்குக்குள் நுழையாது. தண்ணீரின் இழுப்பு பயங்கரமாக இருந்தது. படகில் ஒரு கயிற்றுச் சுருள் கிடந்ததை இவர் பார்த்திருக்கிறார். நீந்தி வந்து கையை நீட்டி, கத்திக் கத்திக் கேட்டிருக்கிறார்.

"உங்க காலடியிலதான் கெடந்துச்சு. நீங்க என்னயத்தான் பாத்துட்டு இருந்திய. ஆனா கண்ணுக்கு முன்னால அந்தப் பெட்டிய வச்சிருந்திய. பிறகு ஒரு பொட்டலத்த என் கையில போட்டுட்டுப் படகு போயிருச்சு."

ஜோவின் முடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்புறம்... அந்தப் பெரியவரு?"

"தைக்க வந்த சேலையெல்லாம் பரண்ல இருந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு, அந்தத் தூணுல கட்டி, அதப் பிடிச்சுப் போயிக் கூட்டிட்டு வந்தோம். நானும் எதிர்வீட்டு ரெண்டு பொம்பளைங்களும். இருக்காரு. உள்ள போயிப் பாருங்க."

அவன் உள்ளே போனான். நான் போகவில்லை. திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. வெயிலாக இருக்கலாம்.

"நான் என்ன செய்யணும் அக்கா?"

"படத்த எடுங்க. வேற செய்யணும்னு தோணுச்சுன்னா, மழைக்கு முன்னால ஒரு நல்ல கயிறும் மிதக்குத சட்டையும் வாங்கி எங்க தெருவுல வைங்க. கேட்டு நிக்காம இருக்கலாம்லா."

பிப்ரவரி 4

ஜோவின் படத்தை எடுத்துவிட்டான். போட்டியிலிருந்தும் விலகிவிட்டான். போனில் சொன்னான்.

"இனிமே நான் வரல இசக்கி. வேற யாரையாவது படகுக்குப் போடு."

சரி என்றேன். வேறென்ன சொல்ல. தன்னார்வலர் அட்டவணையைத் திருத்தினேன். அவன் பெயரை அடிக்காமல் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். எப்போதும் அப்படித்தான் செய்வது.

பிப்ரவரி 11

விதிமுறைகளைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். நான்கு நாள் ஆனது. உதவி கேட்டு ஒருவர் கை நீட்டினால், முதலில் நம் கை காலியாக இருக்க வேண்டும். பெயர் தெரியாத ஒருவரின் கதையை நாமாக எழுதக் கூடாது. எடுத்த படத்தை அவரிடம் காட்டு. கீழே எழுதப்போவதை வாசித்துக் காட்டு. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே. சொந்தப் பக்கத்தில் போட்டாலும் இதேதான். பிறகு ஒருநாள் மனம் மாறி நீக்கச் சொன்னால், அன்றைக்கே நீக்கு.

தன்னார்வலர் கூட்டத்தில் வாசித்தேன். மூத்தவர் கொம்பையா அண்ணன் எழுந்தார். "கழுத்தளவு தண்ணியில கெடக்கவன்ட்ட, ஐயா படம் எடுக்கலாமான்னு கேக்கச் சொல்லுதியா?"

"கேக்க முடியாத இடத்துல எடுக்க வேண்டாம் அண்ணன்."

"அப்போ உதவி எப்படி வரும்?"

"தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு, என்ன தேவை, எந்தத் தெருன்னு எழுதுவோம். சுவத்த எடுப்போம். தெருவ எடுப்போம். அழுத முகம்தான் வேணும்னு இல்ல."

"வராது," என்றார் தேவநேசன் சார். கூட்டத்தில் அவர் சொன்னது அது ஒன்றுதான். வராமலும் போகலாம். எனக்கும் தெரியாது. ஆனாலும் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை.

பிப்ரவரி 16

ஆண்டறிக்கை வந்து இறங்கியது. கட்டைப் பிரித்தால் அட்டை முழுக்கச் சந்திரகனி அக்கா.

சாரிடம் போய், "இந்த அட்டையோட போச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேன் சார்" என்றேன். குரல் நடுங்கிவிட்டது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

"திங்கக்கிழமை தபால்ல போவுது. உன் முடிவ நீ எடுத்துக்கோ" என்றார்.

ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 19

கடிதத்தோடுதான் போனேன். சார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஜோவின் போன் பண்ணுனான். படம் என்னோடது, அட்டையில போட நான் சம்மதிக்கல, மீறிப் போட்டா சென்னை நிறுவனத்துக்கே எழுதுவேன்னு சொல்லுதான். நீ சொல்லிக் கொடுத்தியா?"

"நான் அவன்ட்டப் பேசியே ரெண்டு வாரம் ஆச்சு சார்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அந்த அம்மா உண்மையிலயே கயிறுதான் கேட்டாங்களா?" என்றார், மெதுவாக. ஜோவின் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"ஆமா சார்."

அவர் உள்ளே போய்ப் பசை டப்பாவை எடுத்து வந்தார். நாள் முழுக்க எல்லாரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டினோம். சாரும்தான். வேட்டியெல்லாம் பசை. தாளில் அறக்கட்டளைப் பெயர் மட்டும்.

கடிதம் பையிலேயே இருந்தது. பசை துடைக்கக் காகிதம் தேவைப்பட்டது, அதை எடுத்துக்கொண்டேன்.

மே 12

அன்னையர் தினம். காலையிலேயே படம் மறுபடி கிளம்பிவிட்டது. பழைய பிரதியை யாரோ எடுத்துப் போட, பின்னாலேயே எல்லாரும் பகிர்கிறார்கள். கடைக்கு ஓடினேன். சந்திரகனி அக்கா அழவில்லை. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"முழுசா அழியாது, இல்லியா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அழியாது அக்கா. ஆனா வரும்போதெல்லாம் எடுப்பேன்."

"வருசாவருசமா?"

"வருசாவருசம்."

ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் அவரவர் போனில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதினோம். 'இது நான். இதை நீக்குங்கள்' என்று அவர் தன் பெயரிலேயே எழுதினார். நான் எழுதியதைவிட அதற்குத்தான் உடனே பதில் வந்தது. மதியம் ஜோவினும் வந்து சேர்ந்தான். அக்காதான் போன் செய்திருக்கிறார். அவர் போனில் அவன் நம்பர் இருப்பது எனக்குத் தெரியாது. பப்ஸ் வாங்கி வந்திருந்தான். மூன்று.

ஆகஸ்ட் 20

சென்னை நிறுவனம் நம் விதிமுறைகளை ஏற்றுக்கொண்டது. நிவாரணப் படங்கள் குறைந்துவிட்டதாக ஒரு வருத்தமும் தெரிவித்திருக்கிறார்கள். உதவி போன வருடத்தைவிடக் குறைவுதான். சார் சொன்னது பாதி நடந்திருக்கிறது. அந்தப் பாதியைச் சமாளிக்கத்தான் கொம்பையா அண்ணனும் நானும் கடை கடையாக ஏறி இறங்குகிறோம்.

கோவில்பட்டிக்கு வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். அம்மா காரணம் கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

நவம்பர் 28

நேற்று காலையிலிருந்து விடாத மழை. குளம் உடையும் என்று தகவல் வந்ததும் மணிமுத்து நகருக்குப் போனோம், ஜோவினும்தான். அங்கே எங்களுக்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது. சந்திரகனி அக்கா மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முடுக்கின் வாயில் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். புடவையை முழங்காலுக்கு மேல் இறுக்கிச் செருகியிருந்தார். "தம்பி, அந்த முனையப் பிடிங்க" என்று ஜோவினைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவன் மாலைவரைக்கும் அதை விடவில்லை. பரமசிவம் ஐயாவை நாற்காலியோடு தூக்கி வந்தோம். குழந்தைகள், ஆடுகள், ஒரு கிரைண்டர். பொழுது சாய்வதற்குள் மொத்தத் தெருவும் பள்ளிக்கூட மாடியில்.

இன்று காலை தேவநேசன் சார் போன் செய்தார். குரலில் மழை இரைச்சல்.

"பக்கத்துல போடணும். ஒரு படம்கூடவா இல்ல?"

"இல்ல சார். யாரு கையும் சும்மா இல்ல."

"சரி, எழுத்துலயே போடு" என்றார்.

பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். ஜோவின் பக்கத்தில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கைகளில் கயிறு உரசித் தோல் உரிந்திருந்தது. என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிவிட்டேன். முதலுதவிப் பெட்டியில் துணி தீர்ந்துவிட்டது.

விதிப்படி சந்திரகனி அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். 'மணிமுத்து நகரில் இருந்த அனைவரும் பத்திரமாக மீட்கப்பட்டனர். பாய், பால் பவுடர், சர்க்கரை மாத்திரை தேவை.'

அக்கா ஈரத் தலையை முடிந்துகொண்டே சொன்னார்.

"மீட்கப்பட்டனர்னு போடாதீங்க."

"பிறகு எப்படிப் போட?"

"'மணிமுத்து நகர்க்காரங்க எல்லாரும் மாடிக்கு வந்து சேந்துட்டாங்க'ன்னு போடுங்க. எங்க கால்லதான வந்தோம்."

மாற்றினேன். இன்னொரு முறை வாசித்துக் காட்டினேன். அக்கா தலையை ஆட்டினார். போட்டுவிட்டேன்.